கொட்டாயிலிருந்து கல்லூரிக்கு: கம்பைநல்லூர் அன்றும் இன்றும்

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டது என்று தெரிந்தால் இன்றைக்கு ஊர் கேட்கும் கேள்வி, "எந்தக் காலேஜ்ல சேர்ந்திருக்க?" ஐம்பது ஆண்டுக்கு முன்னால் பதினோராவது முடித்த பையனைப் பார்த்து இதே ஊர் கேட்டது வேறு: "மேல படிக்கப் போறியா, இல்ல காட்டுக்குப் போறியா?" காடு என்றால் சொந்த நிலம், ஏர், கிணறு, மாடு. பெண் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக்கூட அன்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைய கேள்வியில், பிள்ளை எப்படியும் கல்லூரிக்குப் போகும் என்ற நம்பிக்கை அடங்கியிருக்கிறது. அது வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. பஸ் பாஸ், கட்டண ரத்து, இடஒதுக்கீடு, பக்கத்து ஊர்க் கல்லூரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து உண்டான நம்பிக்கை அது. ஆனால் கல்லூரியில் சேர்வதும் கல்லூரியில் படிப்பதும் ஒன்றல்ல. வாசல் வரை பிள்ளைகளைக் கொண்டுவந்துவிட்டோம், உள்ளே உட்காரவைத்து முடிக்கவைக்கும் வேலை பாக்கி இருக்கிறது என்பதே என் கட்சி.

கம்பைநல்லூர் இன்று தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. முன்பு அரூர் வட்டத்தில் இருந்தது. தர்மபுரி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். காரிமங்கலம், அரூர், மொரப்பூர் மூன்றுக்கும் இங்கிருந்து சாலை பிரிகிறது. பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, தேசிநாதேஸ்வரர் கோயில், பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஊருக்குள் அடக்கம். ஆனால் இங்கே படிக்க வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஊருக்குள் குடியிருப்பவர்கள் இல்லை. சுற்றியுள்ள கொட்டாய்களிலிருந்து வருகிறவர்கள். நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, பங்காளிகள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து இருக்கும் இடம் கொட்டாய். மெயின் ரோட்டுக்கு வர ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண்பாதை நடக்க வேண்டும். அதற்கு மேல்தான் பஸ், அதற்கும் மேல்தான் கல்லூரி.

ரயில் போனது, கல்லூரி வந்தது

1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். பின்னால் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அந்தப் பாதையை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தர்மபுரியில் அரசு கலைக் கல்லூரி தொடங்கியது 1965இல். ரயில் ஓடிய காலத்தில் போய்ப் படிக்கக் கல்லூரி இல்லை. கல்லூரி வந்தபோது ஏறிப் போக ரயில் இல்லை. மொரப்பூர் – தர்மபுரி அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019இல். இடையில் போன எழுபத்தெட்டு ஆண்டும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸை நம்பியே படித்தார்கள். இன்றும் அப்படித்தான்.

1965 இந்தப் பகுதிக்கு முக்கியமான ஆண்டு. சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதிதான். அதற்கு முந்தைய ஆண்டில் கிருஷ்ணகிரியில் அரசுக் கல்லூரி வந்திருந்தது. அதுவரை பட்டப் படிப்பு என்றால் சேலம் போக வேண்டும். 1857இல் தொடங்கிய சேலத்துக் கல்லூரிக்கு மொரப்பூரில் ரயில் ஏறிப் போய், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அதற்குச் செலவு செய்ய முடிந்தவர்கள் கிணற்றுப் பாசன நிலம் உள்ள சில வீடுகள் மட்டுமே. மானாவாரியில் ராகியும் சாமையும் நிலக்கடலையும் விளைவித்த வீடுகளுக்கு அது எட்டாத காரியம்.

அன்றைக்குப் பதினோராவது முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. அதற்குப் பிறகு பி.யூ.சி. என்று ஓராண்டு. அந்த ஓராண்டு கல்லூரியில்தான் நடந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் கிராமத்துப் பிள்ளைகள் பலரைக் கல்லூரிக்கு வரவிடாமல் தடுத்தது இதுதான். பதினாறு வயதுப் பையன் ஊரைவிட்டு வெளியே போனால்தான் பன்னிரண்டாவது ஆண்டுப் படிப்பே. அறிவியல் பாடம் எடுத்தவனுக்குப் பதினொன்று வரை தமிழில் படித்ததெல்லாம் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். வகுப்பில் பேராசிரியர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவதைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, இரவில் அகராதியை வைத்து அவிழ்த்துப் படித்தவர்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. பி.யூ.சி.யில் தோற்றுவிட்டு ஊர் திரும்பி ஏர் பிடித்தவர்கள் அவர்களைவிட அதிகம். "பி.யூ.சி. பெயில்" என்பது ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவரையாவது அடையாளம் காட்டும் பட்டமாகவே இருந்தது.

தாக்குப் பிடித்தவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அரசு விடுதியில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காதவர்கள் மூன்று நாலு பேராகச் சேர்ந்து தர்மபுரியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வீட்டிலிருந்து ராகி மாவு, அரிசி, கொள்ளு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் பையில் வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் களியோ சோறோ பொங்கிச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள். துணி இரண்டு செட். தேர்வுக் கட்டணம் கட்டும் மாதத்தில் வீட்டில் ஆடு விற்கும், அல்லது அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். தேர்வு முடிவு பத்திரிகையில் வரும் நாளில் டீக்கடையில் கூட்டம் கூடும். நம்பர் இருந்தால் பையனுக்குத் தோள்தட்டு. இல்லாவிட்டால் அவன் பின்வழியாக வீட்டுக்குப் போவான்.

அந்தத் தலைமுறை முடித்து வெளியே வந்தபோது வேலை காத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. முடித்து பி.எட். சேர்ந்தவர்கள் ஆசிரியர் ஆனார்கள். மற்றவர்கள் தாலுகா அலுவலகம், கூட்டுறவு சங்கம், மின்வாரியம், வங்கி என்று பரவினார்கள். இன்று இந்தப் பக்கத்தில் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களில் பலர் அந்த வரிசையில் வந்தவர்கள். ஒரு பட்டதாரி ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார் என்பது அன்று கண்ணால் கண்ட நிஜம். ஆனால் அப்படித் தூக்கி நிறுத்தப்பட்ட குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. பழைய காலத்தைப் பெருமையாகப் பேசும்போது நாம் வசதியாக மறந்துவிடுவது இதைத்தான்.

வாசல் திறந்த விதம்

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பி.யூ.சி. போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ பள்ளியிலேயே நடக்கத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிகள் ஊர் ஊராகப் பெருகப் பெருக, பதினெட்டு வயது வரை வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பன்னிரண்டாவது முடிக்கலாம் என்ற நிலை வந்தது. கிராமத்து மாணவர்களின் கல்லூரிக் கதையில் எந்தக் கல்லூரித் திட்டத்தைவிடவும் பெரிய திருப்பம் இது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த திருப்பம் 1989. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு அந்த ஆண்டு வந்தது. வன்னியர்கள் பெருமளவில் வாழும் தர்மபுரி மாவட்டத்தில் அதன் விளைவு ஒரே தலைமுறையில் தெரிந்தது. ஆதிதிராவிடர் விடுதிகளும் கல்வி உதவித்தொகையும் இன்னொரு பக்கம் வேலை செய்தன. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. காலனியிலிருந்து முதல் பொறியாளரும் முதல் செவிலியரும் வந்தது இந்த வழிகளில்தான்.

பணத் தடை ஒவ்வொன்றாக விலகியது. அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் கிடைத்தது. 2007-08இல் அரசுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தார்கள். தொழிற்கல்விக்கு இருந்த மாநில நுழைவுத் தேர்வு அதற்குச் சற்று முன்புதான் நீங்கியிருந்தது. 2010-11இல் வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்கும் பிள்ளைக்குத் தொழிற்கல்லூரியில் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் வந்தது.

கல்லூரிகளும் பக்கத்தில் வந்தன. 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த தர்மபுரிக் கல்லூரி அதன் கீழ் வந்தது. ஒரு சான்றிதழ்த் திருத்தத்துக்குச் சென்னை போக வேண்டிய அலைச்சல் ஓமலூர் ரோட்டோடு நின்றது. 2008இல் தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி, 2013இல் செட்டிகரையில் அரசுப் பொறியியல் கல்லூரி. அரூர், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் என்று கலை, அறிவியல் கல்லூரிகளும் வந்தன. காரிமங்கலத்தில் இருப்பது மகளிர் கல்லூரி. கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இது பெரிய உதவி.

சான்றிதழ் வாங்கும் அலைச்சலும் குறைந்தது. முன்பு சாதிச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கையெழுத்து வாங்க அரூருக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இன்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சான்றிதழ் செல்போனுக்கே வந்துவிடுகிறது. கல்லூரி விண்ணப்பமும் ஆன்லைன்தான். அதே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஐந்தாறு கல்லூரிகளுக்கு ஒரே மூச்சில் போட்டுவிடலாம். போட்டுத் தருகிற தம்பிக்குத் தெரிந்த பாடப்பிரிவுகளே பல பிள்ளைகளின் விருப்பப் பட்டியலாகிவிடுகின்றன என்பது இதில் ஒரு குறை.

பெண் பிள்ளைகள்

இந்த ஐம்பது ஆண்டில் எது அதிகம் மாறியது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், காலை பஸ்ஸில் நிற்கும் பெண் பிள்ளைகளைக் காட்டுவேன்.

தர்மபுரி மாவட்டம் ஒரு காலத்தில் பெண் சிசுக்கொலைக்காகச் செய்தியில் அடிபட்ட மாவட்டம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தது. அந்த ஆண்டில் இந்த மாவட்டத்தில் பிறந்த பெண் குழந்தை 2018, 2019 வாக்கில் கல்லூரியில் சேரும் வயதை எட்டினாள். பிழைக்குமா என்ற பயத்தில் அரசே தொட்டில் வைத்துக் காத்த தலைமுறைதான் கல்லூரி வகுப்பறைகளின் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலச் சராசரி 80. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். இந்தப் பெண்களில் பலரின் தாய்மார்கள் அந்த எழுத்தறிவுக் கணக்கில் விடுபட்டவர்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா, மகளின் பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள்.

அரசின் பார்வையும் இந்தக் காலத்தில் மாறியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்தது திருமண உதவித் திட்டம். படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் தந்தார்கள். 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. பட்டதாரி என்றால் 50,000 ரூபாய், பட்டம் இல்லாவிட்டால் 25,000. "டிகிரி முடிச்சா ஐம்பதாயிரம் வரும்" என்று கணக்குப் போட்டு மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தகப்பன்கள் இருந்தார்கள். காரணம் எதுவானாலும் அவள் படித்தாள். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி அதே அம்மையார் பெயரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில். முன்னது கல்யாணம் நடந்தால் வரும் பணம், இது வகுப்பில் இருந்தால் வரும் பணம். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் பையன்களுக்கும் அதே தொகை வந்தது.

ஆனால் எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டது என்று எழுதினால் பொய் சொன்னதாகும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீவைத்தார்கள். கல்லூரிக்கும் கடைக்கும் போகிற பிள்ளைகள் சாதி தாண்டிப் பழகுவதைப் பற்றிய பேச்சு அதன்பின் மாவட்டம் முழுவதும் கசப்பாக நடந்தது. மகள் எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், யாரோடு பேசுகிறாள், செல்போனில் யார் நம்பர் என்று கண்காணிப்பது பல வீடுகளில் இன்றும் நிற்கவில்லை. ஒரு தகவல் கிளம்பினால் போதும், படிப்பு பாதியில் நிற்கும், ஜாதகம் வெளியே வரும். காதலித்தாளா இல்லையா என்பதே அங்கே பொருட்டில்லை. கல்லூரி தூரம் குறைந்தாலும் இந்தத் தூரம் அவ்வளவாகக் குறையவில்லை.

காலை ஏழரை மணி

இன்றைய மாணவியின் நாள் கல்லூரி மணியோடு தொடங்குவதில்லை. சாமந்தியோ குண்டுமல்லியோ போட்டிருக்கும் கொட்டாயில் விடியும் முன்பே பூப்பறிப்பு. மாடு இருந்தால் பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும். தம்பி, தங்கையைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு, டிபன் பாக்ஸில் புளிசாதத்தை அடைத்துக்கொண்டு மண்பாதையில் வேகநடை. ரோட்டுக்கு வந்தபின் அடுத்த பதற்றம். "பாப்பா, ஓடு ஓடு, பஸ் கெளம்பிடப் போவுது" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

பஸ் வருகிறது. உள்ளே எள் விழ இடமில்லை. பையன்கள் படியில் தொங்குகிறார்கள். "உள்ள போ தம்பி, படியில நிக்காத" என்கிறார் கண்டக்டர். "இடம் இருந்தா போவ மாட்டோமாண்ணா?" என்கிறார்கள் அவர்கள். பாஸ் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தம் தாண்டி நிறுத்தும் ஓட்டுநர்களும் உண்டு. நிற்கிறவர்கள் ஓடிப்போய் ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிடும். 2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அது பெரிய ஆசுவாசம். ஆனால் டவுன் பஸ் தவறினால் அடுத்து வருவது தனியார் பஸ்ஸாகவோ வெளியூர்ப் பஸ்ஸாகவோ இருக்கும். அதில் ஏறக் காசு வேண்டும். முதல் வகுப்பு தவறினால் வருகைப் பதிவு போகும். வருகை குறைந்தால் தேர்வுக்கு அபராதம். அந்த அபராதத்துக்குப் பெயர் வேறு, அதற்கு உண்மையான காரணம் பஸ்.

கல்லூரிக்குள்ளும் நிலைமை மாறியிருக்கிறது. 2006-07இல் அரசுக் கல்லூரிகளில் இரண்டாவது சுழற்சி வந்தபின் ஏராளமான பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. கூடவே கல்லூரி என்பது அரைநாள் காரியமாகவும் ஆனது. மீதி அரைநாள் பையன்கள் ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப், செல்போன் கடை, பெட்ரோல் பங்க் என்று வேலைக்குப் போகிறார்கள். வார இறுதியில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறவர்களும் உண்டு. பீஸ் இல்லையே, பிறகு எதற்குச் சம்பாத்தியம் என்று கேட்கலாம். பைக் தவணை, செல்போன் ரீசார்ஜ், வீட்டில் குழுக் கடன். குழுக் கடன் தவணை கட்டும் நாள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அன்று ஆங்கிலம் பேராசிரியரின் வாயிலிருந்து வந்து மிரட்டியது. இன்று அது செமஸ்டர் வினாத்தாளிலும் வேலை நேர்காணலிலும் வந்து மிரட்டுகிறது. யூடியூபில் தமிழில் பாடம் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள், தேர்வில் எழுதும்போது தடுமாறுகிறார்கள். அரியர் இல்லாமல் மூன்றாம் ஆண்டு முடிப்பது வகுப்பில் சிலர்தான். பாடம் எடுக்கிற பேராசிரியருக்கும் நிரந்தர வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஊதியம் உயர்த்தக் கேட்டு அவர்கள் உண்ணாவிரதம் இருக்கும் நாளில், முதல் தலைமுறை மாணவன் வகுப்பு நடக்காமல் திரும்பிப் போகிறான்.

2020, 2021 கொரோனா காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆன்லைன் வகுப்புக்கு வீட்டில் ஒரே செல்போன், அதிலும் கொட்டாயில் சிக்னல் கிடைக்காது. பாறை மேலும் மொட்டை மாடியிலும் ஏறி உட்கார்ந்து படித்தவர்கள் இருந்தார்கள். அந்த இடைவெளியில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போன பையன்களில் ஒரு பகுதி கல்லூரிக்குத் திரும்பவே இல்லை.

மஞ்சள் பஸ்ஸும் கம்பெனி பஸ்ஸும்

இடையில் ஒரு பொறியியல் மோகக் காலமும் வந்துபோனது. 1984இல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அவற்றின் மஞ்சள் பஸ் கொட்டாய் முனை வரை வந்தது. நாலு லட்சம் வரை ஜாமீன் இல்லாத கல்விக் கடன் என்றார்கள். பிளஸ் டூவுக்குப் பிள்ளையை நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிக்கு அனுப்பி, பிறகு பொறியியலில் சேர்த்து, நிலத்தில் ஒரு பகுதியை விற்ற குடும்பங்கள் இங்கே உண்டு. சிலர் பெங்களூரிலும் சென்னையிலும் ஐ.டி. வேலைக்குப் போய்க் கொட்டாயில் மாடி வீடு கட்டினார்கள். பலர் மெக்கானிக்கலும் சிவிலும் முடித்துவிட்டு ஓசூர் கம்பெனியில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார்கள். வங்கி நோட்டீஸ் அப்பாவின் பெயருக்கு வந்தது. அந்தச் சூடு கண்ட பிறகுதான் ஊர் மறுபடி அரசுக் கலைக் கல்லூரிப் பக்கம் திரும்பியது.

இப்போது மஞ்சள் பஸ்ஸுக்கு முன்பே கம்பெனி பஸ் வருகிறது. ஓசூர் வட்டாரத்து மின்னணு ஆலைகள், போச்சம்பள்ளியில் வந்த ஓலா ஸ்கூட்டர் ஆலை என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெருகிய தொழிற்சாலைகள் பெண்களை நிறைய வேலைக்கு எடுக்கின்றன. பஸ் வைத்து அழைத்துப் போகிறார்கள், ஹாஸ்டலும் தருகிறார்கள். பிளஸ் டூ முடித்தவளுக்கு மாதம் பத்தாயிரத்துக்கு மேல் கையில் வருகிறது. மூன்று ஆண்டு பி.எஸ்சி. கணிதம் முடித்தவளும் கடைசியில் அதே வரிசையில், அதே மேசையில், ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு உட்காருகிறாள். வீட்டில் அப்பா கேட்கும் கேள்விக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது: "இதுக்கு மூணு வருஷம் எதுக்கு?"

வேலைக்குப் போகாதவர்களின் பாதை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, காவலர் தேர்வு, பி.எட். குரூப் 4க்கு எஸ்.எஸ்.எல்.சி. போதும். ஆனால் எழுதுகிறவர்களில் முதுநிலைப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் ஏராளம். 2022இல் வந்த நான் முதல்வன் திட்டம் வேலைக்கான பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவர முயல்கிறது. நல்ல முயற்சிதான். அது பயிற்சிச் சான்றிதழோடு நின்றுவிடாமல் வேலை வரைக்கும் போக வேண்டும்.

வந்ததும் போனதும்

2021-22 கணக்கின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்தியச் சராசரி 28.4. கம்பைநல்லூர்க் கொட்டாய்ப் பிள்ளைகளும் சேர்ந்துதான் அந்த 47. அந்தப் பெருமையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயிரம் பிள்ளைகள் படிப்பது, அன்று பத்துப் பேர் படித்ததைவிட எந்தக் கணக்கிலும் மேல்.

ஆனால் அந்தப் பத்துப் பேருக்குக் கிடைத்த ஒன்று இந்த ஆயிரம் பேருக்குக் கிடைக்கவில்லை. அது நேரம். விடுதியில் தங்கியவனுக்கு மாலை இருந்தது, நூலகம் இருந்தது, வேற்றூர், வேற்றுச் சாதிப் பையனோடு ஒரே பாயில் படுத்து இரவெல்லாம் பேசிய பேச்சு இருந்தது. கல்லூரி என்பது பாதி அதுதான். இன்றைய மாணவி மதியம் மணி அடித்ததும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்தால் வீட்டில் கேள்வி வரும். மூன்று ஆண்டும் வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் ஓடியே கழிகிறது. கல்லூரி வீட்டுப் பக்கம் வந்ததால் வீட்டு வேலையும் அவளை விட்டு நகரவில்லை.

ஆகவே இனி செய்ய வேண்டியவை பெரிய அறிவிப்புகள் அல்ல. கல்லூரி தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் ஏற்ப காரிமங்கலம், அரூர், தர்மபுரி மூன்று பக்கத்துக்கும் போதுமான டவுன் பஸ் வேண்டும். நூலகம் மூடிய பிறகு வீடு திரும்ப மாலையில் கடைசியாக ஒன்றும் வேண்டும். காலிப் பணியிடங்களில் நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும். காரிமங்கலம், அரூர் பக்கம் கல்லூரிப் பெண்களுக்குக் கூடுதல் விடுதி இடம் வேண்டும். முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பலகை வைப்பதுபோல, எத்தனை பேர் மூன்றாண்டில் முடித்தார்கள் என்றும் பலகை வைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பரீட்சை நடக்கும் மாதமாவது பூப்பறிப்புக்கும் பால் கறவைக்கும் வேறு கை பாருங்கள். பெண் பிள்ளை நூலகத்தில் இருந்து ஒரு பஸ் தாமதமாக வந்தால் சந்தேகப்படாதீர்கள். மூன்றாம் ஆண்டு முடியும் முன் வரும் வரன் எவ்வளவு நல்ல வரனானாலும், பட்டம் வாங்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். காத்திருக்க மறுக்கிற மாப்பிள்ளை வீட்டை வேண்டாம் என்று சொல்ல இன்று உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.